நான் சேவ் பண்ணவே இல்லையே!

"சார், என் கோடுல அந்த இடத்துல சேவ்னு ஒரு வார்த்தையே இல்ல. அப்புறம் எப்படி சார் டேட்டா மாறும்?"

வார்டன் ரூம்ல நின்னு நான் இதைச் சொன்னப்போ என் குரல்ல துளி சந்தேகம்கூட இல்லை. பக்கத்துல மெஸ் கணக்கு பார்க்கிற அண்ணன் தன்னோட நீள நோட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். அவர் ஒண்ணும் பேசலை. நான் சொன்னதுக்கு அந்த ரூம்ல ஒரே அர்த்தம்தான்: கம்ப்யூட்டர் சரி, நோட்டு தப்பு.

நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. நான் சொன்ன முதல் வாக்கியம் முழு உண்மை. இரண்டாவது வாக்கியத்தை நான் கேள்வியாகவே கேட்கலை, வாதமா கேட்டேன். ஆனா அதுக்கு நிஜமாவே ஒரு பதில் இருந்துச்சு. அந்தப் பதில் எனக்குத் தெரியாததுக்கு அண்ணன் நாலு நாள் தலை குனிஞ்சு நின்னார்.

ஜாவா, ஸ்பிரிங் பூட், ஹைபர்னேட் வெச்சு ப்ராஜெக்ட் பண்ற ஜூனியர்ஸ் எல்லாரும் என்னைக்காவது இந்த வழியா வருவீங்க. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மெஸ் பில் கதை

எங்க ஹாஸ்டல் மெஸ்ல டிவைடிங் சிஸ்டம். மாசச் செலவு மொத்தத்தையும், எல்லாரும் சாப்பிட்ட நாட்களோட கூட்டுத்தொகையால வகுத்தா ஒரு நாள் ரேட் வரும். ஊருக்குப் போற நாளுக்கு மெஸ் ரிடக்‌ஷன் எழுதிக் கொடுத்தா அந்த நாட்கள் கழியும். ஆம்லெட், சிக்கன்னு எக்ஸ்ட்ரா வாங்கினா டோக்கன், அது தனியா சேரும். 312 பேர், 104 ரூம். இத்தனையையும் அண்ணன் வருஷக்கணக்கா ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர் வெச்சே பார்த்துட்டு இருந்தார்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நானும் என் பார்ட்னரும் இதையே எடுத்தோம். ஸ்டூடன்ட், ரூம், பில், எக்ஸ்ட்ரா, மொத்தம் நாலு என்டிட்டி. டேபிள்ல இருக்கிற ஒரு வரிசையை ஜாவா ஆப்ஜெக்ட்டா மாத்திக் கொடுக்கிற வேலை ஹைபர்னேட்டோடது. 2001-ல் கேவின் கிங் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது. இந்த மாதிரி வேலைக்கு ஜாவால ஒரு பொதுத் தரம் வேணும்னு 2006-ல் ஜேபிஏ வந்தப்போ, அதுல ஹைபர்னேட்டோட யோசனைகள் நிறைய சேர்ந்துச்சு. கிளாஸ்ல இதெல்லாம் படிச்சிருந்தோம். 'எஸ்க்யூஎல் எழுத வேண்டாம், ஆப்ஜெக்ட்டை மட்டும் பார்த்தா போதும்'னு நான் புரிஞ்சுக்கிட்டேன். எல்லாப் பிரச்சனைக்கும் ஆரம்பம் அந்தப் புரிதல்தான்.

டோக்கன் இருக்கு, கவுன்ட்டர் மூடியாச்சு

டிசம்பர் மாச பில்தான் எங்க ஆப்ல போகப்போற முதல் நிஜ பில். அதுக்கு முன்னாடி ஒரு ட்ரயல் ஓட்டினோம். ராத்திரி 2 மணிக்கு ஒரு ஷெட்யூல்டு ஜாப் ஓடி, எல்லாருக்கும் பில் போட்டு வெக்கணும். காலைல எழுந்து லாக் பார்த்தா சிவப்பா நிக்குது: லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன். கடைசியில 'நோ செஷன்'னு முடியுது.

குழப்பம் என்னன்னா, அதே எக்ஸ்ட்ரா லிஸ்ட் பிரௌசர்ல அழகா வருது. பகல்ல வேலை செய்யற கோடு ராத்திரி 2 மணிக்கு ஏன் செத்துப்போகுது?

இதை எங்க மெஸ்ஸை வெச்சே சொல்றேன். ஒரு ஸ்டூடன்ட்டை டேட்டாபேஸ்ல இருந்து எடுக்கும்போது, அவனோட எக்ஸ்ட்ரா லிஸ்ட்டை ஹைபர்னேட் உடனே எடுக்காது. ஒண்ணுக்குப் பல உறவுகள் எல்லாமே ஜேபிஏல டீஃபால்ட்டா லேஸி. லிஸ்ட் இருக்க வேண்டிய இடத்துல ஒரு டோக்கனைக் கையில கொடுத்துரும். அந்த லிஸ்ட்டை நீங்க நிஜமா தொடும்போதுதான் கவுன்ட்டருக்குப் போய் சரக்கை வாங்கிட்டு வரும். அந்தக் கவுன்ட்டர்தான் செஷன். கவுன்ட்டர் மூடின பிறகு டோக்கனை நீட்டினா என்ன கிடைக்கும்? எக்ஸெப்ஷன்தான் கிடைக்கும்.

பிரௌசர்ல ஏன் வேலை செஞ்சதுன்னா, ஸ்பிரிங் பூட்ல 'ஓப்பன் இன் வியூ'னு ஒரு செட்டிங் டீஃபால்ட்டா ஆன்ல இருக்கு. ஒரு வெப் ரிக்வெஸ்ட் வந்ததுல இருந்து பதில் போய்ச் சேர்ற வரைக்கும் அது கவுன்ட்டரைத் திறந்தே வெச்சிருக்கும். ஷெட்யூல்டு ஜாப்ல வெப் ரிக்வெஸ்ட்டே கிடையாது. அதனால ஒவ்வொரு ரெபாசிட்டரி கால் முடிஞ்ச உடனே கவுன்ட்டர் ஷட்டர் இறங்கிடும். இத்தனைக்கும் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போதே இந்த செட்டிங்கைப் பத்தி மஞ்சள் கலர்ல ஒரு வார்னிங் வருது. நாங்க நாலு மாசமா அதை ஸ்க்ரோல் பண்ணி தாண்டிட்டே இருந்தோம்.

எல்லா தட்டுலயும் ஆம்லெட்

ரூம்மேட் ஒருத்தன் எட்டிப் பார்த்துட்டு, "ஈகர்னு மாத்துடா, அவ்ளோதான்"னு சொல்லிட்டுப் போய் படுத்துட்டான். மாத்தினேன். எக்ஸெப்ஷன் போச்சு. அஞ்சு நிமிஷ வேலை.

ஈகர்ங்கறது, கேட்டவன் கேட்காதவன் எல்லார் தட்டுலயும் ஆம்லெட் வெக்கிற மாதிரி. என் லேப்டாப்ல டெஸ்ட் டேட்டா 10 பேர், டேட்டாபேஸும் அதே மெஷின்ல. ஒண்ணும் தெரியலை. நிஜ 312 பேரை ஏத்திட்டு, டேட்டாபேஸை வேற சர்வர்ல வெச்சப்போ ஸ்டூடன்ட் லிஸ்ட் பேஜ் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

எஸ்க்யூஎல் லாக்கை ஆன் பண்ணிப் பார்த்தேன். ஸ்டூடன்ட் எல்லாரையும் எடுக்க ஒரு க்வெரி. அப்புறம் ஒவ்வொருத்தனோட எக்ஸ்ட்ராவுக்கும் தனித்தனியா ஒண்ணு, 312. அதோட நிக்கலை. பலதுக்கு ஒண்ணுங்கற உறவு ஜேபிஏல டீஃபால்ட்டாவே ஈகர். நான் ரூமைத் தொடவே இல்லைன்னாலும், 104 ரூமுக்கும் 104 க்வெரி. மொத்தம் 417. ஒரு தடவை டேட்டாபேஸுக்குப் போய் வர 30 மில்லிசெகண்ட்னு வெச்சாலும் 12 செகண்டைத் தாண்டுது. இதைத்தான் 'என் பிளஸ் ஒன்' பிரச்சனைனு சொல்றாங்க. இன்டர்வியூல கேட்டா மனப்பாடமா சொல்லியிருப்பேன். என் கோடுலயே அது உட்கார்ந்திருந்தது தெரியலை.

சரியான வழி: எல்லா உறவையும் லேஸியாவே விடணும், ரூமையும் சேர்த்து. எந்தப் பேஜுக்கு எது வேணுமோ, அந்த க்வெரில மட்டும் 'ஜாயின் ஃபெட்ச்' போட்டு ஒரே ட்ரிப்ல எடுத்துக்கணும். லிஸ்ட் பேஜ்ல 417 ஒண்ணாச்சு. அன்னைக்கு ராத்திரி நான் ரொம்ப சந்தோஷமா தூங்கியிருக்கணும். ஆனா ஈகரை எடுத்ததும் ஷெட்யூல்டு ஜாப் மறுபடி 'நோ செஷன்'னு விழுந்துச்சு.

ஜாப் ஓடி முடியற வரைக்கும் செஷனைத் திறந்து வெக்க ஒரு வழி, அந்த மெத்தடுக்கு மேல ட்ரான்சாக்‌ஷனல் அனோடேஷன் போடறது. மணி ஒண்ணு. தூக்கம் கண்ணைச் சுத்துது. எந்த மெத்தடுக்குப் போடணும்னு யோசிக்கிற பொறுமை இல்லை. பில் சர்வீஸ் கிளாஸோட தலையிலயே போட்டுட்டேன். அதுக்குள்ள இருக்கிற எல்லா பப்ளிக் மெத்தடுக்கும் சேர்த்து. ஜாப் ஓடுச்சு. கமிட் மெசேஜ்: 'லேஸி எரர் ஃபிக்ஸ்டு'.

அந்த ஒரு வரிதான் அண்ணனை வார்டன் ரூம்ல நிக்க வெச்சது.

18,720 ரூபாய்

ஜனவரி 1-ஆம் தேதி டிசம்பர் பில் வந்துச்சு. ஒரு நாள் ரேட் 104 ரூபாய். 31 நாள் முழுசா சாப்பிட்டவனுக்கு 3,224, அதோட எக்ஸ்ட்ரா. 8-ஆம் தேதிக்குள்ள கட்டணும்.

பே பண்ற பட்டனுக்குப் பக்கத்துல நாங்க ஆசையா ஒரு வசதி வெச்சிருந்தோம், 'தோராய பில்'னு. அடுத்த மாசம் இத்தனை நாள் ரிடக்‌ஷன் எடுத்தா எவ்ளோ வரும்னு, போன பில்லை வெச்சு கணக்குப் போட்டுக் காட்டும். பொங்கல் லீவு வேற வருது. பசங்க சும்மா இருப்பாங்களா? எட்டு நாள் ஊருக்குப் போனா எவ்ளோ மிச்சம், பத்து நாள் போனா எவ்ளோன்னு தட்டித் தட்டிப் பார்த்தாங்க.

9-ஆம் தேதி அண்ணன் கூட்டிப் பார்த்தா, நோட்டுக் கணக்கைவிட வசூல் 18,720 ரூபாய் கம்மி. ஆப்ல பார்த்தா யாருமே பாக்கி இல்லை. எல்லாரும் அவங்கவங்க பில்லை முழுசா கட்டியிருக்காங்க. ஆப்ல இருக்கிற பில் தொகையே நோட்டுல இருக்கிறதைவிட 23 பேருக்குக் குறைவு.

வார்டன் சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் கோடைத் திறந்து காட்டினேன். பில் தொகையை மாத்துற இடம் ரெண்டே ரெண்டு: பில் உருவாக்குறப்போ, அட்மின் திருத்துறப்போ. ரெண்டுலயும் சேவ் இருக்கு. அட்மின் திருத்தம் யாருமே பண்ணலை. தோராய பில்லுல சேவே இல்லை. முதல்ல எழுதின அந்த டயலாக்கை அப்பதான் சொன்னேன்.

"நோட்டுல எங்கயாவது தப்பாயிருக்கும், விளக்கம் எழுதிக் கொடுங்க"ன்னு சார் அண்ணன்கிட்ட சொன்னார். "எழுதித் தர்றேன் சார்"னு மட்டும் அண்ணன் சொன்னார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "தம்பி, நான் மூணு தடவை கூட்டிப் பார்த்தேன்"னார். நான், "மெஷின் தப்பு பண்ணாதுண்ணே"னு சொன்னேன். இன்னைக்கும் அந்தப் பதிலை நினைச்சா கூசுது.

நானும் பார்ட்னரும் 12-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தது தப்பைக் கண்டுபிடிக்க இல்லை, என் கோடு சரின்னு நிரூபிக்க. "தோராய பில்லுல வெறும் செலக்ட்தான் போகும், பாரு"ன்னு எஸ்க்யூஎல் லாக்கை ஆன் பண்ணி, என் பில்லைத் திறந்து, 8 நாள்னு போட்டு பட்டனைத் தட்டினேன்.

ஒரு செலக்ட். இன்னொரு செலக்ட். அதுக்குக் கீழ, ஒரு அப்டேட்.

பார்ட்னர் ஒண்ணும் சொல்லலை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வெச்சான், அவ்வளவுதான்.

ஜேபிஏல சேவ்னு ஒரு மெத்தடே கிடையாது

தோராய பில் மெத்தடுல நான் எழுதியிருந்தது இதுதான்: பில் என்டிட்டியை எடு, அதோட தொகையை புதுக் கணக்குக்கு மாத்து, அதைத் திருப்பி அனுப்பு. காட்டுறதுக்காக மட்டும்தானே, சேவ் பண்ணப் போறதில்லையேங்கற தைரியம்.

சேவ்ங்கறதை நான் கன்ட்ரோல் எஸ் மாதிரி நினைச்சிருந்தேன். அழுத்தினாத்தான் பதியும், அழுத்தலைன்னா பதியாது. ஆனா ஜேபிஏவோட என்டிட்டி மேனேஜர்ல சேவ்னு ஒரு மெத்தடே இல்லை. அதுல இருக்கிறது பெர்சிஸ்ட், மெர்ஜ், ரிமூவ் மாதிரியானவை. சேவ்ங்கறது ஸ்பிரிங் டேட்டா நம்ம வசதிக்கு மேல வெச்ச பேர். புது ஆப்ஜெக்ட்னா உள்ள பெர்சிஸ்ட்டைக் கூப்பிடும், பழசுன்னா மெர்ஜைக் கூப்பிடும்.

நிஜத்துல நடக்கிறது வேற. ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள என்டிட்டியை எடுத்தா, ஹைபர்னேட் அதை நம்ம கையில கொடுக்கிறதோட, அப்போ இருந்த மதிப்புகளை ஒரு நகல் எடுத்து தன்கிட்ட வெச்சுக்கும். ட்ரான்சாக்‌ஷன் முடியும்போது ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஏதாவது மாறியிருந்தா அதுவே அப்டேட் போட்டுரும். யாரும் சொல்ல வேண்டாம். இதுக்குப் பேர் டர்ட்டி செக்கிங். இது பக் கிடையாது, அது வேலை செய்ய வேண்டிய முறையே இதுதான்.

கிளாஸ் தலையில அனோடேஷன் போடறதுக்கு முன்னாடி, தோராய பில் மெத்தடுக்கு ட்ரான்சாக்‌ஷன் இல்லை. தொகையை மாத்தினாலும் அது காட்டுறதோட போச்சு. லேஸி எரருக்கு மருந்துன்னு நான் போட்ட வரி, தோராய பில்லையும் ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள இழுத்துட்டு வந்துருச்சு. அன்னையில இருந்து, பட்டனைத் தட்டினவன் பில் எல்லாம் அவன் கடைசியா தட்டின எண்ணுக்கு மாறிடுச்சு. கடைசியா 0 நாள்னு போட்டுப் பார்த்தவங்க பில் மட்டும் பழையபடி திரும்பிடுச்சு. அதனாலதான் 23 பேரோட நின்னுச்சு. அந்த 23 பேரும் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "குறைஞ்சதுக்கு யாருடா கம்ப்ளைன்ட் பண்ணுவா?"ங்கறான் ஒருத்தன்.

திருத்தப் போன இடத்துல இன்னொரு அடி

நாட்களும் எக்ஸ்ட்ராவும் பத்திரமா இருந்ததால, சரியான தொகையைத் திரும்பக் கணக்குப் போட முடிஞ்சது. அந்த ராத்திரியே ஒரு சின்ன ரன்னர் எழுதினேன். 23 பில்லையும் எடு, தொகையைத் திருத்து. டர்ட்டி செக்கிங் இருக்கே, சேவ் எதுக்குன்னு விட்டுட்டேன். '23 பில் திருத்தப்பட்டது'னு ப்ரின்ட் ஆச்சு. டேட்டாபேஸைப் பார்த்தா ஒண்ணுகூட மாறலை!

இப்போ தலைகீழ். ரன்னர்ல ட்ரான்சாக்‌ஷன் இல்லை. பில் கைக்கு வந்த அடுத்த நொடியே செஷன் மூடியாச்சு, பில் 'டிடாச்டு' ஆயிடுச்சு. இனிமே நான் என்ன மாத்தினாலும் பார்க்க ஆள் இல்லை. அதே கிளாஸ்ல இன்னொரு மெத்தடு எழுதி, அதுக்கு அனோடேஷன் போட்டுக் கூப்பிட்டேன். அதுவும் வேலைக்கு ஆகலை. ஏன்னா ஸ்பிரிங், வெளியில இருந்து வர்ற காலை மட்டும்தான் வழிமறிச்சு ட்ரான்சாக்‌ஷன் ஆரம்பிக்கும். ஒரே கிளாஸுக்குள்ள ஒரு மெத்தடு இன்னொண்ணைக் கூப்பிட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. தனி கிளாஸுக்கு மாத்தினதும் 23 அப்டேட் வரிசையா ஓடுச்சு.

மூணு பிரச்சனையும் தனித்தனின்னு நினைச்சிருந்தேன். லோடு ஆகலை, சேவ் ஆகலை, சேவ் ஆகக்கூடாதது ஆச்சு. மூணுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்த வரி ஓடுற நேரத்துல, இந்த ஆப்ஜெக்ட்டை எந்த செஷனாவது பார்த்துட்டு இருக்கா? நியூ போட்டு இப்பத்தான் உருவாக்கினதுன்னா அது ட்ரான்சியன்ட், யாருக்கும் தெரியாது. செஷன் கையில இருந்தா மேனேஜ்டு, மாத்தினா பதியும். செஷன் மூடிட்டா டிடாச்டு, மாத்தினாலும் பதியாது, லேஸி லிஸ்ட்டும் திறக்காது. ரிமூவ் சொல்லிட்டா ரிமூவ்டு. புக்ல ஒரு படத்துல நாலு வட்டமா இருந்தது இதுதான். பரீட்சைக்கு வரைஞ்சும் இருக்கேன்.

இப்போ எங்க கோடுல சில விஷயங்களை விடாம பண்றோம். ஓப்பன் இன் வியூவை ஆஃப் பண்ணிட்டோம். லேஸி தப்பு இருந்தா பகல்லயே, நம்ம கண்ணு முன்னாடியே விழட்டும். சர்வீஸ் கிளாஸுக்கு ரீட் ஒன்லி ட்ரான்சாக்‌ஷன், எழுதுற மெத்தடுக்கு மட்டும் தனியா எழுதுற ட்ரான்சாக்‌ஷன். காட்டுறதுக்கு மட்டும் வேணும்ங்கிற கணக்கை என்டிட்டில போடறதே இல்லை, அதுக்குத் தனி டிடிஓ. மெர்ஜ் பண்ணினா, அது திருப்பித் தர்ற ஆப்ஜெக்ட்டைத்தான் வாங்கி வேலை செய்யணும். நாம கொடுத்தது டிடாச்டாவே நிக்கும். எல்லாத்துக்கும் மேல, புதுசா எது எழுதினாலும் ஒரு தடவை எஸ்க்யூஎல் லாக்கை ஆன் பண்ணிப் படிக்கிறோம்.

கையெழுத்து

13-ஆம் தேதி காலைல, ஊருக்குப் போற பையோட முதல்ல வார்டன் ரூமுக்குப் போனேன். தப்பு என் கோடுல, நோட்டுல ஒரு பைசா தப்பில்லைன்னு எழுதியே கொடுத்தேன். சார் திட்டினார். வாங்கிக்கிட்டேன். 23 பேருக்கும் பாக்கித் தொகை மெசேஜ் போச்சு. லீவு முடிஞ்சு வந்து, முணுமுணுத்துக்கிட்டே எல்லாரும் கட்டிட்டாங்க.

அதுக்கப்புறம் மெஸ்ஸுக்குப் போனேன். அண்ணன் காய்கறிக் கணக்கு எழுதிட்டு இருந்தார். "அண்ணே, தப்பு என்னோடதுதான். நான் சேவ் பண்ணாமலே அது பதிஞ்சிருக்கு. எனக்கு அது தெரியலை. தெரியாம உங்களைச் சொல்லிட்டேன், மன்னிச்சுருங்கண்ணே"ன்னேன்.

அவர் நோட்டைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். ஒரு தொகையை ஒரே கோடா அடிச்சு, மேல புதுசா எழுதி, பக்கத்துல சின்னதா கையெழுத்து, தேதி.

"நான் ஒரு எண்ணை மாத்தினா பழசும் தெரியும், மாத்தினது யாருன்னும் தெரியும் தம்பி. உன் மெஷின் மாத்தினப்போ கையெழுத்து போட்டுச்சா?"

போடலை. எங்க பில் டேபிள்ல பழைய தொகை எங்கேயும் இல்லை, யார் எப்போ மாத்தினதுன்னும் இல்லை. இருந்திருந்தா நாலு நாள் தேவைப்பட்டிருக்காது, நாலு நிமிஷம் போதும்.

பொங்கல் முடிஞ்சு வந்ததும் நாங்க எழுதின முதல் கோடு அதுதான். ஒரு பில் தொகை மாறினா பழைய தொகை, புதுத் தொகை, மாத்தினது யார், எந்த நேரம்னு தனி டேபிள்ல ஒரு வரி விழும். ஃபைனல் ரிவ்யூல எக்ஸாமினர், "இந்த ஐடியா எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டார். மெஸ் நோட்டுல இருந்து சார்னு சொன்னேன். ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சார்.

அண்ணன் இப்பவும் நோட்டு எழுதுறார். மாசக் கடைசியில ஆப்போட ஒப்பிட்டுப் பார்ப்பார். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா எனக்கு ஒரு ஆம்லெட் வரும். அதுக்கு டோக்கன் கேட்கிறதில்லை.